பாம்பா சமவெளியில் எஸ்தான்சியா நடத்துவது எப்படி இருக்கும்?

கேள்வி இது: "அர்ஜென்டினா போயிருந்தபோது பாம்பா புல்சமவெளியில் ஓர் எஸ்தான்சியாவில், அதாவது விருந்தினர் தங்கும் பழைய மாட்டுப் பண்ணையில், இரண்டு நாள் தங்கினோம். காலையில் புல்வெளியில் குதிரைச் சவாரி, மதியம் அசாதோ என்ற சுட்ட இறைச்சி விருந்து, சாயங்காலம் மரத்தடியில் மாத்தே என்ற இலைத் தேநீர். திரும்பி வந்ததிலிருந்து அதே நினைப்பு. இப்படி ஓர் இடத்தை நடத்துவது எப்படி இருக்கும்? எத்தனை குதிரை வேண்டும்? லாபம் வருமா?"

நான் முதலாளியாக இருந்ததில்லை. சான் அந்தோனியோ தே அரேகோ பக்கம், புவெனோஸ் அய்ரெஸிலிருந்து நூற்றுப்பத்து கிலோமீட்டர் வடமேற்கே, ஓர் எஸ்தான்சியாவில் மூன்று வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். முதல் வருடம் விருந்தினரிடம் ஆங்கிலம் பேசவும் பெட்டி தூக்கவும். பிறகு முன்பதிவும் கணக்கும். கடைசி ஒன்றரை வருடம் சவாரிக்குப் பொறுப்பு. அதனால் கணக்கு நோட்டும் தெரியும், சாணி அள்ளவும் தெரியும்.

லாபக் கணக்கை எல்லோரும் அறைகளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஏழு அறை, ஓர் இரவுக்கு இவ்வளவு, வருடத்தில் இத்தனை இரவு. தாளில் நன்றாகத்தான் வரும். எஸ்தான்சியாவில் கணக்கைக் குதிரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விருந்தினர் இரண்டு மணி நேரம் ஏறுவார். மீதி இருபத்திரண்டு மணி நேரமும் குதிரை தின்னும், குடிக்கும், காலை எங்காவது கம்பியில் மாட்டிக்கொள்ளும். அறை காலியாக இருந்தால் விளக்கை அணைத்துவிடலாம். குதிரையை அணைக்க முடியாது.

இந்த வீடுகள் விடுதியாக மாறிய கதையைக் கொஞ்சம் சொல்லணும், இல்லாவிட்டால் பணக் கணக்கு புரியாது. எஸ்தான்சியா என்பது மாட்டுப் பண்ணை; பழைய காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். அர்ஜென்டினாவில் 1871-இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம், சொத்தில் ஐந்தில் நான்கு பங்கு பிள்ளைகளுக்குக் கட்டாயம் போகவேண்டும் என்றது. 2015-இல் வந்த புதிய சட்டம் அதை மூன்றில் இரண்டாகக் குறைத்தது. அதற்குள் நான்கைந்து தலைமுறை பாகம் பிரித்து முடித்தாயிற்று. பெரிய வீடு ஒருவர் கைக்கு வரும், அதோடு ஒட்டிய நிலமோ சில நூறு ஹெக்டேர்தான். பதினெட்டு அறை வீட்டுக்குக் கூரை மாற்ற அந்த நிலத்து மாடு போதாது. 1996-இல் களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்றச் சோயாவுக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு புல்லாக இருந்த நிலமெல்லாம் உழவுக்குப் போக ஆரம்பித்தது. அரேகோ பக்கம் மண் அவ்வளவு நல்ல மண். வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை. அந்த மண்ணில் சோயா போடாமல் புல்லை விட்டுவைக்க ஒருவருக்கு ஏதாவது காரணம் வேண்டும். பல வீடுகளில் அந்தக் காரணம் விருந்தினர்தான். நீங்கள் சவாரி போன புல்வெளிக்கு வேலிக்கு அந்தப்பக்கம் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் சோயாவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, குதிரைக்கு வருவோம்.

நான் சேர்ந்த மறுநாள் விடிகாலை கபத்தாஸ் எழுப்பினார். கபத்தாஸ் என்றால் பண்ணை மேஸ்திரி. அறுபது வயதுக்கு மேல், பேச்சு குறைவு. கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குதிரை கட்டியிருந்தது. அதற்கு நொச்செரோ என்று பெயர், ராத்திரிக் குதிரை. மற்றதெல்லாம் இரவு முழுக்க வெளியே மேயும். காலையில் அவற்றை ஓட்டிவர ஒரு குதிரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் இதை மட்டும் கட்டிவைப்பார்கள். வெளியே ஒரே மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "மணி எங்கே கேட்குது பார்" என்றார். கூட்டத்தில் ஒரு பெண் குதிரையின் கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள். அவள் மத்ரினா. அவளை யாரும் ஏறி ஓட்டுவதில்லை. அவள் வேலை கூட்டத்தைச் சேர்த்து வைப்பது. காயடித்த ஆண் குதிரைகள் அவள் மணியைவிட்டு விலகாது. அவர் பனிக்குள் போய்க் கால் மணி நேரத்தில் இருபத்திரண்டு குதிரைகளோடு வந்தார். மணிச் சத்தம் முதலில் வந்தது, அப்புறம் மூச்சுச் சத்தம், கடைசியில்தான் உருவம்.

இருபத்திரண்டு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் இடத்தில் ஒரே நேரத்தில் பத்து விருந்தினருக்கு மேல் ஏற்றுவதில்லை. அதற்குப் பதினைந்து குதிரை வேண்டும்: ஏதாவது ஒன்று நொண்டும், ஒன்றுக்கு முதுகில் புண், இரண்டுக்கு ஓய்வு நாள். வழிகாட்டிகள் ஏறுவது நான்கு. மீதி வயதானதும் பழக்கத்தில் இருப்பதும். நானூறு கிலோ குதிரை நாளுக்கு எட்டுப் பத்து கிலோ காய்ந்த தீவனத்துக்குச் சமமாகத் தின்னும். வெயில் நாளில் முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். நல்ல இயற்கைப் புல் என்றால் தலைக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் புல் நின்றுபோகும், அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர்க் கட்டு வாங்க வேண்டும். பாம்பாவில் கல்லே கிடையாது, அதனால் பல இடங்களில் லாடம் அடிப்பதில்லை. ஆனால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியே ஆகணும்.

அந்த ஊர்க் குதிரைக்குக் கிரியோயோ என்று பெயர். புவெனோஸ் அய்ரெஸ்காரர் வாயில் கிரியோஷோ. ஸ்பானியர் கொண்டுவந்து விட்ட குதிரைகள் காட்டில் பெருகி, வெயிலும் பனியும் பட்டினியும் தாங்கியது மட்டும் மிஞ்சியது. குட்டை, தோள் உயரம் ஏறக்குறைய 1.44 மீட்டர். உயரமான பந்தயக் குதிரையை எதிர்பார்த்து வருகிறவர்கள் முகம் சுருங்கும். சுருங்கட்டும். 1925-இல் எய்மே சிஃபெலி என்ற சுவிஸ் பள்ளி ஆசிரியர் மாஞ்சா, காத்தோ என்ற இரண்டு கிரியோயோக்களோடு புவெனோஸ் அய்ரெஸிலிருந்து கிளம்பி, ஆண்டிஸ் மலை ஏறி, மத்திய அமெரிக்கக் காட்டைக் கடந்து, 1928 செப்டம்பர் 20 அன்று நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கடைசிக் கட்டத்தில் மாஞ்சா மட்டும் கூட இருந்தது. அந்தத் தேதியைத்தான் அர்ஜென்டினா தேசியக் குதிரை நாளாக வைத்திருக்கிறது. இதில் விடுதி நடத்துகிறவர் கவனிக்க வேண்டியது வேறு: கிளம்பும்போதே அவற்றுக்குப் பதினைந்தை ஒட்டிய வயது. திரும்பி வந்து காத்தோ 1944 வரையும் மாஞ்சா 1947 வரையும் உயிரோடு இருந்தன. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஐந்து வயது அழகுக் குதிரையாகப் பார்த்து வாங்குவார்கள். நான் வாங்கச் சொல்வது பன்னிரண்டுக்கு மேல், மாடு மேய்த்துக் களைத்த, உலகத்தில் எதுவும் புதிதில்லை என்று முகத்தில் எழுதியிருக்கும் குதிரை. எங்கள் இடத்தில் அதிகம் சம்பாதித்தது பத்தொன்பது வயதுச் சாம்பல் நிறக் குதிரை ஒன்று. குழந்தைகள் அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து போவார்கள். கண்ணைத் திறந்துகூடப் பார்க்காது.

சேணம் பற்றியும் சொல்லணும். அங்கே ரெகாதோ என்பார்கள். ஒரே துண்டாக இருக்கும் சேணம் இல்லை, அடுக்கடுக்காகப் போடுவது. முதலில் வியர்வை உறிஞ்சும் கம்பளி, மேலே தோல் விரிப்பு, அதன் மேல் முதுகெலும்பு படாமல் இரண்டு பக்கமும் உருளையாக நிற்கும் பாஸ்தோஸ், அதை இறுக்கும் வயிற்றுப்பட்டை, அதற்கு மேல் ஆட்டுத்தோல். பழைய காவுச்சோ, அதாவது குதிரை மேல் மாடு மேய்ப்பவன், ராத்திரி அதையே விரித்துப் படுத்துக்கொள்வான். உட்கார மெத்தை மாதிரி இருக்கும், புதிதாக ஏறுகிறவருக்கு ரொம்ப நல்லது. ஒரே சிக்கல் அந்த வயிற்றுப்பட்டை. பட்டையை இழுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்து நிமிடம் நடந்ததும் காற்று இறங்கிப் பட்டை தொளதொள என்றாகிவிடும். நிறுத்தி, இறங்கி, ஒவ்வொன்றாக மறுபடி இறுக்க வேண்டும். நான் பொறுப்பெடுத்த முதல் மாதம், பேச்சு சுவாரசியத்தில் அதை மறந்தேன். சிற்றோடை ஒன்றில் இறங்கும்போது ஓர் அம்மா சேணத்தோடு அப்படியே பக்கவாட்டில் சரிந்து, சேற்றில் உட்கார்ந்தார். குதிரை அசையாமல் நின்றது, அதனால் தப்பித்தோம். அவர் சிரித்தார். கபத்தாஸ் சிரிக்கவில்லை. அன்றைக்கிருந்து நான் கிளம்பும் முன் கையில் கயிறு ஒன்று கட்டிக்கொள்வேன். இறுக்கி முடித்த பிறகுதான் அவிழ்ப்பேன்.

இந்தத் தொழிலில் உண்மையான திறமை எங்கே இருக்கிறது என்றால், குதிரை கட்டும் அந்த மரக்கம்பத்திடம், பலென்கேயிடம். எந்த ஆளுக்கு எந்தக் குதிரை என்று முடிவெடுக்கும் அந்தப் பத்து நிமிடம். "சவாரி தெரியுமா?" என்று கேட்பது வீண். கொஞ்சம் தெரிந்தவர் நன்றாகத் தெரியும் என்பார்; நன்றாகத் தெரிந்தவர் கொஞ்சம் என்பார். கபத்தாஸ் கேட்கவே மாட்டார். ஆட்கள் வீட்டிலிருந்து நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யார் குதிரையின் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறார், யார் கை நேராக மூக்குக்குப் போகிறது, யார் கழுத்தைத் தொடுகிறார். தொட்டதும் குதிரையின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது. அதை வைத்தே பிரிப்பார், பெரும்பாலும் சரியாக இருக்கும். கணவன் மனைவி பக்கத்தில் பக்கத்தில் போக ஆசைப்படுவார்கள். அவர்களுடைய இரண்டு குதிரைக்கும் ஆகாது என்றால் என்ன செய்வது? குதிரை சொல்வதைத்தான் கேட்கணும்.

எடை விஷயம் சங்கடமானது. ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. நானூற்று முப்பது கிலோ குதிரைக்கு எண்பத்தைந்து சொச்சம். முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பலென்கேயில் வைத்துச் சொன்னால் யாருக்கும் மரியாதை இல்லை. ஏற முடியாதவருக்குக் குதிரை வண்டி உண்டு. எங்கள் இடத்தில் வண்டிதான் முதலில் நிரம்பும். தலைக்கவசமும் அப்படித்தான். காவுச்சோக்கள் போய்னா தொப்பியோடு போவார்கள், கவசத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். விருந்தினருக்குக் கட்டாயம். கையெழுத்து வாங்கிய தாள் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

திறந்த புல்வெளி என்கிறோம், ஆனால் முழுக்கத் திறந்தது என்று எதுவும் இல்லை. 1845-இல் நியூட்டன் என்ற பண்ணையார் முதல் கம்பிவேலி போட்டார். அதோடு நினைத்த திசையில் குதிரை விடும் காலம் முடிய ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரு சவாரியில் நான்கைந்து படல்கதவு வரும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போவது விதி. ஒருமுறை விருந்தினர் ஒருவர் மரியாதைக்காக ஒரு கதவை மூடிவிட்டார். பக்கத்துப் பண்ணை மாடுகள் அன்று முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போக முடியாமல் நின்றன.

ஆபத்து குதிரையிடமிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் வரும். பிஸ்காச்சா என்ற பெரிய கொறிவிலங்கு வளை தோண்டி வைத்திருக்கும். கால் போனால் எலும்பு போச்சு. அங்கேயே வளர்ந்த குதிரை தானாக விலகும், வெளியூர்க் குதிரைக்குத் தெரியாது. இன்னொன்று தெரோ பறவை. நம் ஊர் ஆள்காட்டிக் குருவியின் சொந்தக்காரன்தான். அதே மாதிரி தரையில் முட்டை வைக்கும், அதே மாதிரி காலடியிலிருந்து கத்திக்கொண்டு எழும்பும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது ஊர்க் கண்மாய்க் கரைதான் ஞாபகம் வந்தது. என் குதிரைக்கு அப்படி எந்த ஞாபகமும் இல்லை, இரண்டு முழம் பக்கவாட்டில் குதித்தது.

வானம் இன்னொரு பிரச்சினை. தென்மேற்கிலிருந்து பம்பெரோ என்ற குளிர்காற்று சுருட்டிய மேகத்தோடு வரும். அரைமணியில் வெயில் இருட்டாகும். சமவெளியில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் கண்ணுக்கெட்டிய தூரத்தில் உயரமான பொருள். இடி கேட்டதுமே சவாரியை முடிக்கணும், பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் சரி. மழை பெய்தால் மண் ரோடு சோப்பு மாதிரி. ரோடு கெட்டுவிடும் என்று மழைக்குப் பின் வண்டி போகத் தடைபோடும் நகராட்சிகளும் உண்டு. அப்போது வரவேண்டிய விருந்தினர் வரமாட்டார், போகவேண்டியவர் போகமாட்டார்.

நோய் வந்தால் எல்லாமே நிற்கும். 2023 கடைசியில் கொசு மூலம் பரவும் மேற்கத்திய குதிரை மூளையழற்சி அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பரவியபோது குதிரைகளை இடம் மாற்றவே தடை வந்தது. தடுப்பூசி வருடச் செலவில் எழுதியே வையுங்கள். குதிரையை வெளியே ஏற்றிப்போகத் தொற்று இரத்தசோகை இல்லை என்ற சோதனைச் சான்றும் வேண்டும்.

சாப்பாட்டுக்கு நான் அதிகம் எழுதப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். விலா முழுதாக இரும்புச் சிலுவையில் நான்கைந்து மணி நேரம் நெருப்புக்கு எதிரே நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நல்லவராக அமைந்தால் பாதி விடுதி அவர் தோளில். நம்மவர்கள் சைவமாக வந்தால் பயப்பட வேண்டாம். கிரில்லில் சுட்ட புரோவொலெத்தா சீஸ், சோளம் வைத்த எம்பனாதா, மாலையில் துல்செ தெ லெச்சே என்ற பால் இனிப்புப் பாகு தடவிய ரொட்டி. மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் ஊறுகாய் பாட்டிலைத் தேடுவீர்கள்.

காவுச்சோ வேஷம் பற்றி ஒரு வார்த்தை. மதியம் அசாதோ முடிந்ததும் சோர்த்திஹா நடக்கும்: வளைவில் தொங்கும் சின்ன வளையத்தை, நாலுகால் பாய்ச்சலில் வந்து பென்சில் அளவு குச்சியால் எடுப்பது, எடுத்ததைக் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது. அது உண்மையான திறமை, நம் ஊர் உறியடி மாதிரி. அரேகோவில் நவம்பர் 10 மரபு நாளை ஒட்டிய திருவிழாவில் அதை யாரும் சுற்றுலாவுக்காகச் செய்வதில்லை, தங்களுக்காகவே செய்கிறார்கள். ஆனால் அதையே வாரத்தில் ஆறு நாள், பேருந்துக் கூட்டத்துக்கு முன் செய்யச் சொன்னால் ஆட்கள் மனசு விட்டுப்போகும். நல்ல வேலையாள் ஒருவர் அதற்காகவே எங்களை விட்டுப் பக்கத்துப் பால் பண்ணைக்குப் போனார், சம்பளம் குறைவு என்று தெரிந்தும். அப்புறம் நாங்கள் கூட்டத்தைக் குறைத்து, மாட்டை ஒரு மேய்ச்சலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நாளில் விருந்தினரையும் கூட்டிப்போக ஆரம்பித்தோம். மெதுவாகத்தான் போகும். ஓட்டக்கூடாது, ஓடினால் மாடு எடை இழக்கும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தைத்தான் திரும்பி வருகிறவர்கள் கேட்டு வருகிறார்கள்.

பணம். 2023-இல் அங்கே விலைவாசி 211 சதவீதம் ஏறியது. வெளிநாட்டு விருந்தினருக்கு டாலரில் விலை, வேலையாளுக்குப் பெசோவில் சம்பளம் என்றுதான் பல இடங்கள் ஓட்டின. காகிதத்தில் அது லாபம். அடிக்கடி சம்பளம் உயர்த்தாவிட்டால் பலென்கேயில் ஆள் இருக்காது. வார இறுதி நகரத்துக் குடும்பங்கள், நடுவாரம் வெளிநாட்டவர், அக்டோபர் நவம்பரும் மார்ச் ஏப்ரலும் நிரம்பும். அங்கே கோடை ஜனவரியில்தான்; அந்த வெயிலில் சவாரி காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும். எங்கள் இடத்தில் வருடம் முடியும்போது கையில் கொஞ்சம் நின்றது, ஆனால் சவாரியில் அல்ல. புல்வெளி போக மீதி நிலத்தைச் சோயாவுக்குக் குத்தகைக்கு விட்டதில்தான் கூரை மாற்றினார்கள். இதை விருந்தினரிடம் யாரும் சொல்வதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால், வாங்குவதையோ குத்தகைக்கு எடுப்பதையோ யோசிக்கும் முன் ஜூன் மாதம் ஒரு பத்து நாள், நடுவாரத்தில், போய்த் தங்குங்கள். வீடு குளிரும், புல் பழுப்பாக இருக்கும், குதிரைகளுக்குக் குளிர்கால மயிர் வளர்ந்து கரடி மாதிரி நிற்கும். விடியும் முன் பலென்கே பக்கம் போய்ச் சும்மா நில்லுங்கள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், கொஞ்ச நேரத்தில் மாத்தேக் குடுவை உங்கள் கைக்கு வரும். உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது "கிராசியாஸ்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம். அடுத்த சுற்று உங்களைத் தாண்டிப் போய்விடும்.